செவந்தி போட்ட கும்பிடு

ஒரு காட்டில், வழக்கம்போல, ஒரு சிங்கம் ராஜாவாக இருந்தது. வழக்கத்துக்கு மாறாக அந்தக் காட்டுக்கு ஓர் இணையதளமும் இருந்தது. அதைச் செய்தது குள்ளநரி. 'அனைத்து ஜீவராசிகளுக்குமான தளம்' என்று முகப்பில் கொட்டை எழுத்தில் போட்டு, அதற்காகத் தனக்குத்தானே ஒரு கேடயமும் கொடுத்துக்கொண்டது.

அங்கே ஓடைக்கரையில் செவந்தி என்ற முள்ளம்பன்றி இரண்டு குட்டிகளோடு குடியிருந்தாள். அவளுக்குக் கண் தெரியாது. போன மழையில் தண்ணீர் வளைக்குள் புகுந்து மூன்றாவது குட்டியைக் கொண்டுபோய்விட்டது. அன்றிலிருந்து வானம் உறுமினாலே அவள் குட்டிகளை வளைக்கு வெளியே இழுத்து வந்துவிடுவாள். இந்த வருஷம் மேட்டில் புது வளை ஒதுக்குகிறார்கள், தளத்தில் விண்ணப்பித்தால்தான் உண்டு, மாசக் கடைசிதான் கெடு என்று கேள்விப்பட்டதும் மைனாவைக் கூட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

மைனாவுக்கு வேலையே கண் தெரியாதவர்களுக்குத் தளத்தை வாசித்துக் காட்டுவதுதான். ஆனால் எழுதியிருப்பதை மட்டும்தான் வாசிக்கலாம். எழுதாததைத் தானாகச் சொன்னால் இறகைப் பிடுங்கிவிடுவார்கள், சட்டம் அப்படி.

"படம்," என்று வாசித்தது மைனா. "படம். படம். பொத்தான். இன்னொரு பொத்தான்."

"என்ன பொத்தான்?"

"பேர் எழுதலையே அக்கா. எழுதியிருந்தா சொல்ல மாட்டேனா?"

செவந்தி குத்துமதிப்பாக ஒன்றை அமுக்கினாள். ராஜாவின் பிறந்தநாள் பாட்டு ஓடியது. இன்னொன்றை அமுக்கினாள். 'நீங்கள் மனிதர் இல்லை என்று நிரூபிக்க, மான் உள்ள படங்களைத் தொடவும்' என்று வந்தது. மைனா ஒன்பது தடவை "படம்" என்றது. செவந்தி தன் முதுகையே நிரூபணமாகக் காட்டிப் பார்த்தாள். தளம் ஏற்கவில்லை.

நேராகக் குள்ளநரியிடம் போனாள்.

"ஐயா, படத்துல என்ன இருக்கு, பொத்தான் எதுக்குன்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு வரி எழுதி வெச்சீங்கன்னா போதும். மைனா வாசிச்சிரும்."

"பார்வையில்லாதவங்களுக்குன்னே தனிப் பக்கம் வெச்சிருக்கேனேம்மா," என்றது நரி. "ஓரத்துல கண்ணு மாதிரி ஒரு படம் இருக்கும், அதைப் பாத்து அமுக்கு."

"பாத்தா?"

"பாக்காம எப்படி அமுக்குவே?" நரிக்கு உண்மையிலேயே புரியவில்லை. "உன் ஒருத்திக்காக அழகைக் கெடுக்க முடியுமா? வேணும்னா தளத்துலயே புகார் பதிவு பண்ணு."

கெடுவுக்கு நான்கு நாள் இருக்கும்போது ராஜாவின் மனுநாள் வந்தது. செவந்தியும் போனாள். படம் எடுக்கத் தோதாக ராஜா அவள் பக்கத்தில் குனிந்து நின்றது. செவந்தி பவ்யமாக ஒரு கும்பிடு போட்டாள். கண் தெரியாதவள், பாவம், முகம் இருக்க வேண்டிய பக்கம் முதுகு வந்துவிட்டது.

ராஜாவின் இரண்டு இமையிலும் முள். வைத்தியர் கரடி பத்து நாளைக்குக் கண்ணைக் கட்டிப் போட்டது.

சும்மா படுத்திருக்கப் பிடிக்காமல், தளத்தில் தன் புகழ்ப் பக்கத்தை வாசிக்கச் சொன்னது ராஜா.

"படம்," என்றது மைனா. "படம். படம். படம்."

"அதெல்லாம் நான்தானே?"

"எழுதலையே ராஜா."

ராஜா கர்ஜித்தது. மறுநாள் மத்தியானத்துக்குள் அத்தனை படத்துக்கும் விளக்கம் வந்துவிட்டது, அத்தனை பொத்தானுக்கும் பேர் வந்துவிட்டது. மான்கள் போன இடம் தெரியவில்லை. அழகும் ஒன்றும் கெட்டுவிடவில்லை. செவந்தி கால் மணி நேரத்தில் விண்ணப்பித்து முடித்தாள். மேட்டு வளைக்குக் குடிபோன அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது. கீழே ஓடை இரைவதைக் கேட்டபடி, தண்ணீரோடு போன குட்டியை நினைத்து அவள் வாய்விட்டு அழுதாள்.

பத்தாம் நாள் ராஜாவின் கட்டை அவிழ்த்தார்கள். பதினோராம் நாள் நரி பழைய தளத்தையே திரும்ப ஏற்றிவிட்டது. பன்னிரண்டாம் நாள், குட்டிகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கேட்டு விண்ணப்பிக்க செவந்தி மைனாவோடு உட்கார்ந்தாள்.

"படம்," என்றது மைனா.

செவந்தி எழுந்து முள்ளை ஒருதரம் சிலிர்த்து உதறிக்கொண்டாள்.

"அடுத்த மனுநாள் என்னைக்குன்னாவது எழுதியிருக்கா, பாரு."

நீதி: பெரிய இடத்தில் மனு கொடுக்கப் போனால், முதுகைக் காட்டி வணங்குவதே மரியாதை.