முன்வரிசைக்குப் போட்ட வயர்

மின்சாரம் தெரிந்தவனுக்கு வேறு எதுவும் தெரியத் தேவையில்லை என்பது இளவயதில் என் கொள்கை. எழுபதுகளில் திருகோணமலைத் துறைமுகத்தில் வயர் இழுக்கும் வேலை எனக்கு. மாலையில் நாடகக் குழுவின் லைட் வேலைகளைப் பார்ப்பேன். (நடிக்கவும் கேட்டேன். லைட்டே போதும் என்றார்கள்.)

அப்பா பார்த்த கொழும்பு மாப்பிள்ளையா, தனக்குப் பிடித்த படகோட்டியா என்று கதாநாயகி தவிக்கும் நாடகம் ஒன்று போட்டோம். முடிவைச் சபையே சொல்லட்டும் என்றேன். முன்வரிசைக் கதிரைகளில் ஆளுக்கொரு சுவிட்ச், மேடைக்கு மேலே பலகையில் அதற்கொரு பல்ப். படகோட்டிதான் வேண்டும் என்பவர்கள் சுவிட்சை அமத்தினால் பல்ப் எரியும். உலகத்தில் எவனும் செய்யாத வேலை என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

இவ்வளவும் பவானிக்காக. பாலையூற்றில் இருந்த அவளை எனக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள். கந்தோரில் கிளாக்கராக இருந்த அவளுடைய அப்பா இன்னும் சம்மதம் சொல்லவில்லை. அவரைக் குடும்பத்தோடு முன்வரிசையில் நடுவில் இருத்தினேன். என் மூளையைப் பார்த்து மனிதர் மயங்க வேண்டாமா?

பாதியில் நாடகத்தை நிறுத்தி, படகோட்டியாக நடித்த சந்திரன் கைகூப்பிச் சபையிடம் முடிவு கேட்டான். பல்புகள் எரிந்தன. கைதட்டினார்கள். பிறகு பின்வரிசையில் ஒரே சிரிப்பு. அப்போதுதான் எனக்கு விளங்கியது. பழுது பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று, கதிரைகள் இருந்த வரிசைப்படியே பல்புகளையும் கட்டியிருந்தேன். யார் அமத்தினார்கள் என்பது ஊருக்கே தெரிந்தது. கோயில் தர்மகர்த்தா எரிந்துகொண்டிருந்தார். பவானியின் அப்பா இருட்டு. அவருக்கு இருபக்கமும் தாயும் மகளும் பளிச்சென்று எரிந்தார்கள்.

“ஆரைக் கேட்டு அமத்தினனீர்?” என்றார் மனைவியிடம்.

“நாடகம்தானேயப்பா.”

அவர் மகளிடம் திரும்பினார். “உனக்கும் நாடகமோ?”

“இல்லையப்பா. உண்மையாத்தான்” என்றாள் பவானி, சந்திரனைப் பார்த்தபடி.

மேடையில் அவனுக்கு வசனம் மறந்துவிட்டது. இருவருக்கும் ஒரு வருடப் பழக்கமாம். நான் மெயினை நிறுத்தினேன். மண்டபம் இருண்டது. அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் அவளுடைய அப்பா என்னைத் தேடி வந்தார். “ஊரே பாத்திட்டுது, தம்பி. இனி மறைக்க ஏலாது. அவனுக்கே குடுக்கப்போறன். பந்தலுக்கு லைட் நீர்தான் போட்டுத் தரவேணும்.”

போட்டேன். காசும் வாங்கவில்லை.

பிறகு எனக்கும் கலியாணமாகி, இந்தக் கதை என் மனைவியின் கையில் சிக்கியது. எந்த வீட்டிலாவது காதல் தகராறு என்று கேள்விப்பட்டால் போதும், அவள் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொல்வாள்:

“தகப்பன் சம்மதிக்கேல்லையோ? என்ர மனுசனைக் கூப்பிடுங்கோ. தனக்குப் பேசின பொம்பிளையைக் குடுத்தெண்டாலும் சேர்த்துவைப்பார்.”