பாடகர் நலமாக இருக்கிறார்

இரணியல்,
செவ்வாய்க்கிழமை.

கீரிப்பாறையில் இருக்கும் மரியாதைக்குரிய சம்பந்தி ஏசுஅடிமை அவர்களுக்கு, இரணியலிலிருந்து ரசலையன் தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் நேசபாயும் மகள் சுஜியும் தங்கள் மகன் ஜெப்சனும் கர்த்தர் கிருபையால் சுகம். என் முட்டுவலியும் சுகமாகவே இருக்கிறது. தாங்களும் சம்பந்தியம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். மலையில் மழை விட்டதா, தங்கள் இருமல் விட்டதா என்று நேசபாய் கேட்கச் சொன்னாள்.

இதையெல்லாம் போனிலேயே கேட்கலாம்தான். ஆனால் மழை, ரப்பர் விலை, சபைத் தேர்தல் என்று பேசும்வரை நன்றாக இருக்கும் சிக்னல், ஜெப்சன் என்ற பெயரை நான் எடுத்ததும் தங்கள் வீட்டில் போய்விடுகிறது. கடிதத்துக்கு அந்தத் தொந்தரவு இல்லை என்பதால் எழுதுகிறேன். தயவுசெய்து கடைசிவரை வாசிக்கவும்.

நாகர்கோவிலில் நல்ல இன்சூரன்ஸ் வேலையை ஜெப்சன் விட்டதும், “பாட்டு கட்டப் போறேன்னு வேலைய விட்டவன் எனக்க வீட்டுப் படி ஏறப்பிடாது” என்று தாங்கள் சொன்னதும், அவர் எங்கள் மாடி அறைக்கு வந்ததும் தாங்கள் அறிந்தது. அதற்குப் பிறகு நடந்தது தங்களுக்குத் தெரியாது. எதிரொலி கேட்கக்கூடாது என்று சுவர் முழுக்க முட்டை அட்டையை ஒட்டினார். அதை ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் தெருவில் பாதிப்பேர் நாங்கள் கோழிப்பண்ணை தொடங்கிவிட்டதாக நினைத்துப் பாத்திரத்தோடு வந்து நின்றார்கள். நேசபாய் விளக்கம் சொல்லி அலுத்துப்போய், கடையில் முட்டை வாங்கிக் கொடுக்கத் தொடங்கினாள். அவர் பாட்டு எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடி, நாம் வாலிபராக இருந்தபோது ரேடியோவில் வந்ததே, அந்த மாதிரியே, ஆர்கன், பாங்கோஸ் எல்லாம் வைத்து எட்டுப் பாட்டை ஒலிப்பதிவு செய்தார். மூன்றாவது பாட்டில் கீழே நான் இருமியதும் விழுந்துவிட்டது. எடுத்துவிடச் சொன்னேன். “இருக்கட்டும் மாமா, ஒரு பழைய களை வருது” என்று விட்டுவிட்டார். அந்த இருமலுக்கு மட்டும் தனியாக ரசிகர்கள் இருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது.

‘அடுத்து வரும் பாடல்’ என்று பெயர் வைத்து இன்டர்நெட்டில் போட்ட அன்று சுஜி என் போனில் அதைக் கேட்கவைத்தாள். பாட்டுக்கு முன்னால் கரகரவென்று ஒரு சத்தம். போன் கெட்டுவிட்டது என்று நினைத்து நேரே திங்கள்சந்தைக்குப் போய் ரிப்பேர் கடையில் கொடுத்தேன். அந்தக் கடைக்காரர் ஸ்பீக்கரை மாற்றினார், கரகரப்பு போகவில்லை. வேறு ஒன்றை மாற்றினார், அப்போதும் போகவில்லை. கடைசியில் தன் போனில் அதே பாட்டைப் போட்டார், அதிலும் கரகரத்ததும் பயந்துபோய், “இது வைரஸாக்கும், எனக்க போனுக்கும் ஏறிட்டு” என்றார். வீட்டுக்கு வந்து மாப்பிள்ளையிடம் சொன்னால், அந்தக் கரகரப்பைத்தான் அவர் மிகவும் பாடுபட்டுச் சேர்த்தாராம்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எங்களுக்கு மிகுந்த வெப்ராளமும் வேதனையும் தந்த சங்கதி. பக்கத்து வீட்டுச் செல்வதாஸ், தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், ‘உப்புக்காற்று’ என்ற பாட்டைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உடனே அவர், “எனக்கு நல்ல ஓர்மை உண்டு ஓய். இது நான் காலேஜில படிக்கச்ச குளச்சல் கடப்புறத்தில இருந்து கேட்ட பாட்டாக்கும். உம்ம மருமவன் அப்படியே தூக்கிட்டான்” என்றார். “புதுப் பாட்டு ஓய், மாடியில இருந்து எழுதினது” என்றேன். “எனக்க வாலிபத்தைப் பற்றி எனக்குத் தெரியாதா?” என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவதற்குள் ரசலையன் மருமகன் பாட்டுத் திருடன் என்று சபை முழுக்கப் பரவிவிட்டது. கல்யாண வீடுகளில் பாட அழைத்தவர்கள் இரண்டு பேர் வேறு ஆள் பார்த்துக்கொண்டதாகச் சொல்லியனுப்பினார்கள். ஜெப்சன் யாரோடும் சண்டை போடவில்லை. மாடியில் முட்டை அட்டையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிடப் போனேன். “மாமா, எட்டையும் இன்டர்நெட்டில இருந்து எடுத்திரட்டா? அப்பா சொன்னதுதான் சரி” என்றார். கீழே இறங்கி வந்து நேசபாயிடம் சொன்னேன். அவள் புட்டுக்குத் தேங்காய் திருவிக்கொண்டிருந்தவள், திருவின கையோடு மதிலருகே போய், செல்வதாஸின் மனைவி தங்கபாயைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “தங்கபாயி, உனக்க வீட்டுக்காரரு குளச்சல் கடப்புறத்தில ஆருகூட இருந்து பாட்டு கேட்டாரு?”

சம்பந்தி, அதற்குப் பிறகு நடந்ததைக் கேட்க நான் மதிலருகே போயிருக்கக்கூடாது, ஆனால் போனேன்.

“கடப்புறத்தில ஆருகூட இருந்திய?”

“ஒத்தைக்குத்தான்.”

“ஒத்தைக்குக் கேட்ட பாட்டுக்கா கண்ணு நெறயும்? கலியாணம் கழிஞ்ச புதுசில கடப்புறத்துக்குக் கூட்டிட்டுப் போவச் சொன்னதுக்கு, அலையக் கண்டா தலை சுத்தும்னு சொன்னியளே?”

“அது வந்து... வேற பாட்டா இருக்கும்ட்டீ.”

“இப்பத்தானே அதே பாட்டுன்னு சத்தியம் பண்ணிய! பழைய பாட்டுன்னா அவ ஆரு? சொல்லும்!”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பு நேரத்தில் செல்வதாஸ் தானாகவே எழுந்து முன்னால் போனார். போதகரிடம் மைக்கை வாங்கி, “தம்பி ஜெப்சன் பாடியது புத்தம் புதிய பாட்டு. இதற்கு முன் இந்த உலகத்தில் அதை யாரும், யாருடனும், எந்தக் கடற்கரையிலும் கேட்டதே இல்லை” என்றார். தங்கபாய் மட்டும் ஆமென் சொன்னாள். கல்யாண வீட்டார் இருவரும் திரும்பி வந்தார்கள். ஜெப்சன் அன்று நாலு புட்டு சாப்பிட்டார்.

அந்த நிம்மதி கொஞ்ச நாள்கூட நிற்கவில்லை. பாட்டைக் கேட்டவர்கள் இன்டர்நெட்டில் கீழே எழுதுகிறார்கள் அல்லவா, அதில் பாதிப்பேர், “இப்படிப் பாட இனி யார் இருக்கிறார்கள், ஐயாவின் ஆத்துமா இளைப்பாறட்டும்” என்று எழுதியிருந்தார்கள். சுஜி கொதித்துப்போய் ஒவ்வொருவருக்கும், “பாடகர் நலமாக இருக்கிறார், தற்போது குளித்துக்கொண்டிருக்கிறார்” என்று பதில் போட்டாள். அதை வாசிக்காத ஒருவர் கருங்கலிலிருந்து மலர்வளையத்தோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். பல் தேய்த்துக்கொண்டே ஜெப்சன்தான் கதவைத் திறந்தார். வந்தவர் அவர் தோளைத் தட்டி, “மனசை விடாதே மக்கா. அப்பாவுக்க அடக்கம் எல்லாம் முடிஞ்சுதா?” என்று கேட்டார். தாங்கள் தூரத்தில் கீரிப்பாறையில் இருப்பதால், தங்களுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று ஜெப்சன் ஒரு நிமிஷம் ஆடிப்போய்விட்டார். பிரஷ் கீழே விழுந்தது. எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை என்று நான் ஓடிவந்து விளக்கியதும் அந்த மனிதர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்தவர் விடவே இல்லை. “நீரா பாடினீரு! உயிரோட இருக்கேரா! தெய்வமே!” என்று அழுதார். அவருடைய மனைவி குவைத்தில் நர்ஸ். இரண்டு பேரும் தினமும் போனை வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் அந்தப் பாட்டுகளைச் சேர்ந்து கேட்பார்களாம். பேசினால் சண்டை வருமாம், பாட்டுக் கேட்டால் வருவதில்லையாம். புட்டும் பயறும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். மலர்வளையத்தைத் திருப்பிக் கொண்டுபோகச் சொன்னோம், மனசில்லாமல் படிக்கட்டில் மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அவர் போன பிறகும் ஜெப்சன் வாசலிலேயே நின்றார். “அப்பாவுக்கு ஒண்ணும் இல்லல்லா மாமா?” என்று இரண்டு தடவை கேட்டார். போன் போட்டுப் பார்க்கச் சொன்னேன். எண்ணைப் போடுவதும் அழிப்பதுமாக இருந்துவிட்டுப் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

சம்பந்தி, கடைசிப் பாட்டின் பெயர் ‘பால்வெட்டு’. தாங்கள் விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரங்களில் பால் வெட்டி, சிரட்டையில் பிடிக்கப் போன காலத்தைப் பற்றியது. “சிரட்டை நிறையுமுன்னே சூரியன் வந்துவிடும், அப்பன் நெற்றி விளக்குத்தான் எங்க வீட்டு விடிவெள்ளி” என்று வருகிறது. நான் மின்வாரியத்தில் கம்பம் ஏறியவன், ரப்பரைப் பற்றி எதுவும் தெரியாது. ஆனாலும் அந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் தாங்கள் அந்த இருட்டில் எனக்கு முன்னால் நடந்து போவது மாதிரி இருக்கிறது. இப்படி ஒரு பிள்ளையை வளர்த்து எங்கள் வீட்டுக்குத் தந்ததற்கு நன்றி சொல்லவே இவ்வளவும் எழுதினேன். எட்டையும் கேட்கவேண்டாம். அந்த ஒன்றை மட்டும் ஒரு தடவை கேளுங்கள். பிடிக்காவிட்டால் என்னைத் திட்டுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவரும் சாப்பாட்டுக்கு வந்தால் எங்கள் வீடு நிறையும்.

சம்பந்தியம்மாவுக்கு நேசபாயின் அன்பும், பிள்ளைகளின் முத்தங்களும். தங்கள் மலையையும் மரங்களையும் தங்களையும் ஆண்டவர் காப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் மகனின் பாட்டில் இருமியவன்,
ரசலையன்.

பி.கு.: கவரில் போடப் போகும்போது நேசபாயின் அக்கா மகன் குமாரதாஸ் வந்தான். தங்கள் ஊர் மினி பஸ்ஸை ஓட்டுகிறவன். யாருக்குக் கடிதம் என்று கேட்டான், சொன்னேன். “அந்தப் பாட்டாவுக்கா, ஜெப்சனுக்க அப்பாவுக்கா? அவருக்கு எதுக்கு சித்தப்பா எழுதுதிய? தெனமும் காலையில பென்டிரைவோட வந்து முன் சீட்டில இருப்பாரு. எட்டுப் பாட்டும் ஓடணும். வேற பாட்டு கேட்டவன இறங்கி நடக்கச் சொல்லுவாரு. ஏறுத ஆளுகிட்டயெல்லாம் ‘எனக்க மோனாக்கும் பாடுதது’ன்னு சொல்லிச் சொல்லி டிக்கெட் குடுக்க விடமாட்டாரு. பால்வெட்டுப் பாட்டு வந்தா நான் ஹார்ன் அடிக்கப்பிடாதாம். மலை ரோடு சித்தப்பா!” என்றான். ஆகவே மேலே எழுதிய எதையும் வாசிக்கவேண்டாம். ஜெப்சனிடம் நான் இதைச் சொல்லவில்லை, அது தாங்கள் சொல்லவேண்டியது. ஞாயிற்றுக்கிழமை அவனுடைய வண்டியிலேயே வாருங்கள். வளைவுகளில் மட்டும் ஹார்ன் அடிக்க உத்தரவு கொடுங்கள்.