கண்ணாடி வயிற்றில் கைவைத்தது யார்?

நான்காவது நாளாகவும் மாமனார் கிழட்டு ஆட்டுக்கறியை இரண்டே மணி நேரத்தில் செரித்துவிட்டார். அதைப் பார்த்த ஆராய்ச்சிக்காரிக்குத்தான் செரிக்கவில்லை.

மாமனார் என்பது ஆய்வகத்தில் இருந்த கண்ணாடி வயிறு. நான்கு குடுவைகள், உடம்புச் சூட்டில் ஒரு வெந்நீர்த் தொட்டி, அமிலமும் செரிமான நொதியும் சொட்டுச் சொட்டாக இறங்கும் குழாய்கள், வாய்க்குப் பதிலாக மேலே ஒரு புனல். எதைப் போட்டாலும் முணுமுணுத்துக்கொண்டே இருந்ததால் வந்த வாரமே அந்தப் பெயர் விழுந்துவிட்டது. காலை ஒன்பதுக்குக் கறியைப் பொடியாகக் கொத்திப் புனலில் போட வேண்டும். பதினொன்றுக்குத் திறந்து மிச்சம் எவ்வளவு என்று எடை போட வேண்டும்.

மூன்று வருடமாக அவள் ஒரே விஷயத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். முற்றிய கறியின் புரதம் முழுதாகச் செரிப்பதில்லை. செரிக்காதது பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள கிருமிகளுக்குத் தீனியாகிக் குடலைக் கெடுக்கிறது. சோதனைக் குழாயில் இதை நூறு தடவை காட்டிவிட்டாள். ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் நிபுணர் குழு விடவில்லை. வயிறு மாதிரி ஒன்றில் காட்டு என்றது. வயிறு வந்தது. முதல் வாரம் அவள் சொன்னபடியே நடந்தது. இந்த வாரம் கிழட்டுக்கறியும் இளங்கறியும் ஒரே மாதிரி கரைந்து போகின்றன. அடுத்த வெள்ளிக்கிழமை குழு நேரில் வருகிறது. அன்றைக்கும் இப்படியே ஆனால் ஆராய்ச்சிக்கு மூடுவிழா. அவள் வேலையும் அத்தோடு சரி.

'யாரோ விளையாடுறாங்க' என்று முடிவு கட்டினாள். முதல் சந்தேகம் கறிக்கடைக்காரர் மேல் விழுந்தது.

"உண்மையைச் சொல்லுங்க. எனக்குக் குடுத்தது கிழட்டு ஆடா, குட்டியா?"

கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்தார்.

"இருபத்தஞ்சு வருஷமா கடை வெச்சிருக்கேன். கிழட்டு ஆட்டைக் குட்டின்னு விக்கிறியான்னு சண்டை போட்டவங்க ஆயிரம் பேர். குட்டியைக் கிழடுன்னு விக்கிறியான்னு கேட்ட முதல் ஆள் நீங்கதான்."

"அதைத்தான் நானும் கேக்கிறேன். பதில் சொல்லுங்க."

அவர் மறுநாள் காலையில் ஒரு பொட்டலத்தோடு ஆய்வகத்துக்கே வந்து, அவள் அறை எது என்று தெரியாமல் இயக்குநர் அறைக்குள் நுழைந்து, தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் ஓர் ஆட்டுத் தாடையை வைத்தார்.

"பல்லைப் பாருங்க சார். பாதி தேஞ்சே போச்சு. இதுக்குமேல கிழடு வேணும்னா நான்தான் படுக்கணும்."

இயக்குநர் அன்று மதியம் சாப்பிடவில்லை. அவளைக் கூப்பிட்டு, "இது இறைச்சி ஆராய்ச்சி நிலையம்தாம்மா, இல்லேங்கல. ஆனா என் மேசை வரைக்கும் வரணுமா?" என்று கேட்டார்.

ஆக, கறி சரி. அப்படியானால் ஆள் உள்ளேதான் இருக்கிறான்.

உள்ளே என்றதும் அவள் கண் எதிர் மேசைக்குப் போனது. அங்கே குடல் கிருமிகளை வளர்த்து ஆராயும் இளைஞன் உட்கார்ந்திருந்தான். எல்லோரும் அவனைக் 'கிருமி' என்றே கூப்பிட்டார்கள், அவனும் கோபிப்பதில்லை. அந்தக் கோபப்படாத குணமே இப்போது அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

"உங்க மாமனார் எப்படி இருக்காரு? நல்ல பசியா?" என்று கேட்டான் கிருமி.

ஏன் கேட்கிறான்? மறுநாள் அவன் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? இரண்டும் மனதில் பதிந்தன.

ஒரு பொறி வைத்தாள். கறி டப்பாக்களில் சிலவற்றில் மட்டும் இளங்கறிச் சீட்டைக் கிழட்டுக்கறியிலும், அதன் சீட்டை இதிலும் மாற்றி ஒட்டிவிட்டாள். திருட்டுத்தனமாக எதையாவது கலப்பவன் சீட்டைப் பார்த்து ஏமாந்து தப்பான கறியில் கலப்பான், மாட்டிக்கொள்வான். எதை எதில் ஒட்டினோம் என்பதைக் காகிதத்தில் எழுதினால் கிருமி படித்துவிடுவானே! உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

ஆய்வகத்தில் பத்து வருடமாக வேலை பார்ப்பவள். கறியைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் அவளால் இருக்க முடியாது. முழங்கை வரை, நகக்கண் வரை கழுவித் துடைத்த பிறகுதான் உள்ளங்கையைப் பார்த்தாள்.

பதினான்கு டப்பாக்கள். எது கிழடு, எது இளசு என்று கடவுளுக்கே வெளிச்சம். அத்தனையையும் கொட்டிவிட்டுக் கறிக்கடைக்காரரிடமே மறுபடியும் போய் நிற்க வேண்டியதாயிற்று. அவர் வெட்டிக் கொடுத்தார். பொட்டலத்தில் ஒரு பல்லையும் வைத்துக் கட்டியிருந்தார்.

அடுத்து, மாமனார் இருந்த அறைக்குப் பூட்டு வாங்கினாள். ஒரே சாவி. அதுவும் அவள் கழுத்துச் சங்கிலியில் கிடந்தது. காலையில் துப்புரவு அக்கா தரையைத் துடைக்கும் கால் மணி நேரம் மட்டும் கதவு திறந்திருக்கும். அந்தக் கால் மணி நேரமும் அவள் வாசலை அடைத்துக்கொண்டு நின்று, எதிர் மேசைக் கிருமியையே இமைக்காமல் பார்த்தாள்.

"எதுக்கு மேடம் அந்தத் தம்பியை அப்படி மொறைக்கிறீங்க?" என்று உள்ளேயிருந்து அக்கா கேட்டாள்.

"உங்களுக்குப் புரியாதுக்கா. நீங்க துடைங்க."

பதினொன்றுக்குத் திறந்தால் கிழட்டுக்கறி இருந்த இடம் தெரியவில்லை. ஆக, கள்ளச்சாவியும் போட்டுவிட்டான்!

மூன்றாம் நாள் சாயங்காலம் கிருமி இயக்குநரிடம் போய் அழாத குறையாகப் புலம்பினான்.

"சார், என் கிருமிங்க எல்லாம் அந்த ரூம் அலமாரியிலதான் இருந்துச்சு. மூணு நாளா கதவைத் திறந்துவிட மாட்டேங்கிறாங்க. தீனி இல்லாம அத்தனையும் செத்துப்போச்சு. ஒன்றரை வருஷ உழைப்பு சார்!"

அவன் கண் கலங்கியிருந்தது. வேறு யாராக இருந்தாலும் மனம் இளகியிருக்கும். ஆராய்ச்சிக்காரியோ, "பார்த்தீங்களா சார் நடிப்பை? சாவி இல்லைன்னு காட்டுறதுக்காகச் சொந்தக் கிருமியையே பட்டினி போட்டுக் கொன்னிருக்கான்" என்றாள். இயக்குநர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

வீட்டிலும் நிம்மதியில்லை. சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நின்றபடி தோழியிடம் போனில் கொட்டித் தீர்த்தாள்.

"மாமனார் வயித்துல எவனோ எதையோ கலக்குறான்டி. வெள்ளிக்கிழமை எல்லாரையும் வெச்சுக்கிட்டுத் திறந்து காட்டப்போறேன்."

அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்த அசல் மாமனார் தட்டை மெல்ல நகர்த்திவைத்தார். மறுநாள் கணவன் வந்து கேட்டான்.

"அப்பா இனிமே தங்கச்சி வீட்டுலதான் சாப்பிடுவாராம். அவர்கிட்ட என்ன சொன்னே?"

"நான் ஒண்ணும் சொல்லலையே. உங்ககிட்ட யாரு இதையெல்லாம் சொன்னது?" என்று கணவனையும் ஒரு பார்வை பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. நிபுணர் குழுவில் ஐந்து பேர். தலைவி, சிரிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவர் போலிருந்தார். அறையில் ஈரம் இருந்தால் விருந்தினர் வழுக்கி விழுவார்கள் என்று இயக்குநர் அன்று தரை துடைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஆராய்ச்சிக்காரி ஒரு நிபந்தனை போட்டாள். ஒன்பதிலிருந்து பதினொன்று வரை ஒருவரும் அறையை விட்டு வெளியே போகக் கூடாது. கிருமி எதிர்ச் சுவரோரம், இரண்டு கையையும் மேசைமேல் வைத்தபடி உட்கார வேண்டும்.

"கையைக்கூடவா?" என்றான் கிருமி.

"கையைத்தான்."

கிழட்டுக்கறி புனலில் இறங்கியது. இரண்டு மணி நேரம் ஏழு பெரிய மனிதர்கள் ஒரு கண்ணாடிக் குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமனார் முணுமுணுத்தார், குமிழி விட்டார், ஏப்பம்கூட விட்டார். அவள் கடிகாரத்தையும் குடுவையையும் மாறி மாறிப் பார்த்தாள். இன்றைக்கும் கரைந்துவிட்டால் மூன்று வருடம் மண்ணாகிவிடும்.

பதினொன்றுக்குக் குடுவையைத் திறந்தாள். வடிகட்டியில் பாதிக் கறி போட்டது போட்டபடி நின்றது.

அவளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

"பாருங்க! முத்தின கறி செரிக்காதுன்னு நான் சொன்னது நூத்துக்கு நூறு உண்மை. இத்தனை நாளா செரிச்சதுக்கு ஒரே காரணம், இவர் திருட்டுத்தனமா நொதியைக் கலந்ததுதான். இன்னிக்குக் கையைக் கட்டிப்போட்டோம், குட்டு வெளிப்பட்டிருச்சு!"

"நானா? சத்தியமா இல்லீங்க! எனக்கு எதுக்குங்க அது?"

தலைவி வடிகட்டியைப் பார்த்தார், கிருமியைப் பார்த்தார், ஏதோ எழுதிக்கொண்டார். "ஆராய்ச்சி தொடரட்டும்" என்றார். "ஆனா சக ஊழியரோட சோதனையில கைவைக்கிற ஆளை இங்க வெச்சிருக்கீங்கன்னா, இயக்குநரே, அதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

இயக்குநர் முகம் சுண்டிப்போனது.

"தம்பி, ராஜினாமாக் கடிதம் எழுதிக் குடுத்துடு. இன்னிக்கே மேசையைக் காலி பண்ணு."

கிருமி எழுந்தான். செத்த கிருமிகளின் காலித் தட்டுகளை ஒவ்வொன்றாக அட்டைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தான். ஆராய்ச்சிக்காரி அவனைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஜெயித்த சந்தோஷம் அவள் நினைத்த அளவுக்கு இல்லை. ஆனாலும் ஜெயித்தாயிற்று.

அப்போது தேநீர்க் கோப்பைகளை எடுக்கத் துப்புரவு அக்கா உள்ளே வந்தாள். பெட்டியோடு நின்ற கிருமியைப் பார்த்தாள். வடிகட்டியில் கிடந்த கறியைப் பார்த்துவிட்டு, தாங்க முடியாமல் உச்சுக்கொட்டினாள்.

"இதுக்குப் போயி அந்தத் தம்பியை எதுக்கு மேடம் விரட்டுறீங்க? செரிக்காம முனகுறாரேன்னு ரெண்டு வாரமா துடைக்க வரும்போது தினமும் இந்த மாமனாருக்கு நான் ஊத்துற இஞ்சிச்சாறை இன்னிக்கு ஊத்தவிடாம பண்ணிட்டு, செரிக்கலைன்னா எப்படிச் செரிக்கும்?"