ஜிம்கானாவில் ஒரு மாப்பிள்ளை விசாரிப்பு

எங்கள் குடும்பத்தின் பரம்பரைச் சொத்து சந்தேகம். தாராவிக்கு வந்த பிறகும் அது கரையவில்லை.

அக்காவுக்குச் செம்பூரிலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல வேலை, நல்ல குடும்பம். அதுவே அப்பாவுக்கு உறுத்தியது (இவ்வளவு நல்லவன் நம்ம வீட்டுக்கு எதுக்கு வரணும்?). பையன் தினமும் சாயங்காலம் ஜிம்கானா போவார் என்று தரகர் பெருமையாகச் சொன்னதும் சந்தேகம் முற்றியது. வெள்ளைக்காரன் ஆரம்பித்த கிளப்பில் குடியும் சீட்டும் தவிர வேறென்ன இருக்கும்? உளவு பார்க்க என்னை அனுப்பினார்கள். அக்காவுக்கோ போட்டோவிலேயே பையனைப் பிடித்துவிட்டது. “கோட்டித்தனம் பண்ணிக் கெடுத்துராதல” என்று கெஞ்சினாள்.

அங்கே புல்வெளியில் ஏதோ கல்யாண வரவேற்பு. சமையல்காரர்களோடு நுழைந்துவிட்டேன். சீட்டாடும் அறையில் நாலு கிழவர்கள், மாப்பிள்ளை இல்லை. (ஒளிந்திருப்பானோ?) ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தபோது வாட்ச்மேன் என் சட்டைக் காலரைப் பிடித்தார். யாருடைய விருந்தாளி என்று இந்தியில் அதட்டினார். உறுப்பினர் யாராவது கையெழுத்துப் போட்டால்தான் உள்ளே இருக்க முடியுமாம், இல்லையென்றால் போலீஸ். எனக்குத் தெரிந்த ஒரே உறுப்பினர் பெயரைச் சொல்லித் தொலைத்தேன்.

பேட்மிண்டன் மட்டையோடு வந்தார் மாப்பிள்ளை. நான் பொண்ணுக்குத் தம்பி என்று முனகினேன். கடமை தவறாமல் குனிந்து அவரை முகர்ந்தும் பார்த்தேன்.

“வேர்வைதான். வேற ஒண்ணும் இல்ல” என்றார். வருகைப் பதிவேட்டில் உறவு என்ற இடத்தில் ‘மச்சினன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு நிலம் பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

டீ வாங்கித் தந்தார். (அதையும் முகர்ந்தேன்.) ஜிம்கானா என்பது ‘கேந்த் கானா’விலிருந்து வந்ததாம், பந்து விளையாடும் வீடு என்று அர்த்தமாம். ஆனால் அதுவும் நிச்சயமில்லை என்றார். பெயருக்கே பூர்வீகம் தெரியாத இடமா என்று மறுபடி சந்தேகம் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து, டீ வாங்கித் தந்ததையும் சொல்லி, தங்கமான பையன் என்றேன். “அக்காவ ஒரு டீக்கு வித்துட்டியால” என்றார் அப்பா. ஆனாலும் கல்யாணம் நடந்தது.

வருஷங்கள் ஓடிவிட்டன. அத்தான் இன்றுவரை குடித்ததில்லை, சீட்டைத் தொட்டதில்லை. தினமும் ஆடி முடித்து, ஆட்டத்தைப் பற்றிப் பேசியும் முடித்து, சோறு ஆறிய பிறகுதான் வீடு வருவார். அப்போதெல்லாம் அக்காவிடமிருந்து எனக்குப் போன் வரும்.

“குடிக்காரான்னு பாத்த, சீட்டாடுதாரான்னு பாத்த. வீட்டுக்கு எத்தன மணிக்கு வருவாருன்னு கேட்டியால?”