சர்வேயரின் பின் டயர்கள்

"சார், வண்டியை யார் ஓட்டுறது?" என்று கேட்டார் மெக்கானிக், கழற்றிய டயரைக் காலால் உருட்டியபடி.

"நான்தான். ஏன்?"

"பின்னாடி ஒரு டயர் மட்டும் மொட்டையா இருக்கே. வளைவுல போட்டு மிதிக்கிறீங்க."

"நானா? நாற்பதைத் தாண்டினதே இல்லைய்யா!"

மெக்கானிக் சிரித்தார். சர்வேயருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏனென்றால் அது அவருடைய சிரிப்பு. அவர் இன்ஷூரன்ஸ் சர்வேயர். முன்பக்கமே இல்லாத வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "மெதுவாத்தான் சார் போனேன்" என்பவர்களைப் பார்த்து அவர் தினமும் சிரிக்கிற சிரிப்பு. அதை இன்னொருத்தர் அவரிடமே சிரித்தால் வயிறு எரியாதா?

இத்தனைக்கும் அவர் சொன்னது சத்தியமான உண்மை. பின்சக்கரம் தள்ளுகிற, சீறிப் பாய்கிற கார் ஒன்று வேண்டும் என்று கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஆசைப்பட்டு, போன வருஷம்தான் வாங்கினார். வாங்கியபின் தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பதுபோல ஓட்டினார். சைக்கிள்காரர்கள் பரிதாபமாகத் திரும்பிப் பார்த்துவிட்டு முந்திப் போவார்கள். அதுவும் ஞாயிற்றுக்கிழமை மட்டும். மற்ற நாட்களில் ஆபீஸ் வேன்.

"வேற யாராவது எடுக்கிறாங்களா?"

"எங்க மாமியார். முட்டி வலி. மேட்டு ரோட்டு கிளினிக்குக்குப் போய்ட்டு வருவாங்க, அவ்வளவுதான்."

"ஐயோ, அவங்களை விடுங்க சார்."

"அதைத்தான்யா நானும் சொல்றேன்!"

புது டயரைப் பார்த்ததும் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"ஊர்க்காரங்க பொய்யை எல்லாம் கண்டுபிடிக்கிறீங்க. வீட்ல எனக்கே பொய்யா? என்னைக்காவது எங்கயாவது போய் மோதிட்டு வந்தா நான் என்ன பண்றது?"

"சத்தியமா நான் வேகமா ஓட்டலைடி!"

"டயர் தானா தேய்ஞ்சுதா? குடுங்க சாவியை. இனிமே அம்மாகிட்ட இருக்கும். அவங்ககிட்ட கேட்டுட்டு எடுங்க."

சொந்த வண்டிக்கு மாமியாரிடம் கைநீட்டுவதா! ஆனாலும் கொடுத்தார். அத்தை சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

"வருத்தப்படாதீங்க மாப்பிள்ளை. பத்திரமா பாத்துக்கிறேன்."

அந்த வீட்டில் அவரை நம்பியது அந்த ஒரு ஜீவன்தான். ஞாயிற்றுக்கிழமை பக்கத்து சீட்டில் உட்கார்ந்தால் அத்தை கண்ணை மூடிக்கொண்டு பெருமூச்சு விடுவார். பாவம், பயப்படுகிறார் என்று சர்வேயர் நாற்பதிலிருந்து முப்பதுக்கு இறங்குவார். பெருமூச்சு இன்னும் பெரிதாக வரும்.

புது டயரும் சீக்கிரமே மொட்டையானது. முன்பைவிட வேகமாக.

"இதுக்கு ஒரே வழி, லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்," என்றார் மெக்கானிக். "இன்ஜின் பலத்தை ரெண்டு பின்சக்கரத்துக்கும் பிரிச்சுக் குடுக்கிறதுதான் டிஃபரன்ஷியல். இப்ப இருக்கிறதுல, எந்த சக்கரம் வழுக்குதோ அது சும்மா சுத்திச் சுத்தியே தேய்ஞ்சுடும். இதை மாட்டினா ரெண்டு சக்கரமும் சேர்ந்து தள்ளும். ரெண்டு வகை இருக்கு. பிளேட் டைப் நல்லா இறுக்கிப் பிடிக்கும். ஆனா வண்டியை மெதுவா திருப்பும்போது கடகடன்னு சத்தம் போடும். கியர் டைப் சத்தமே வராது. ஒரே குறை, ஒரு சக்கரம் தரையை விட்டு எழும்பிட்டா கையை விரிச்சிடும்."

"ரோட்டுல எவன்யா சக்கரத்தைத் தூக்குவான்? சர்க்கஸா நடக்குது?"

"அதான் சார், உங்களைப் பொறுத்து..." என்று மெக்கானிக் மறுபடியும் அந்தச் சிரிப்பைச் சிரித்தார்.

"கியர் டைப்பே போடு!" என்று கத்திவிட்டு வந்தார் சர்வேயர்.

சாப்பிடும்போது மனைவி வேண்டுமென்றே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததால், அவர் அத்தையிடம் விளக்கினார். முட்டியில் தைலம் தேய்த்தபடி அத்தை பொறுமையாகக் கேட்டார்.

"பிளேட் டைப்பே போடலாமே மாப்பிள்ளை. சத்தம்தானே, போட்டுட்டுப் போகட்டும்."

"உங்களுக்கு எதுக்கு அத்தை அந்த அவஸ்தை? கடகடன்னு ஆட்டினா முட்டி என்னத்துக்கு ஆகும்? உங்களுக்காகத்தான் கியர் டைப்."

அத்தை பெருமூச்சு விட்டார். இந்தக் காலத்தில் இப்படி நன்றியுள்ள மாமியார் யாருக்குக் கிடைப்பார் என்று சர்வேயருக்குக் கண் கலங்கியது.

கியர் டைப் மாட்டியாயிற்று. அதற்குப்பின் ஒரு டயர் தேயவில்லை. இரண்டும் தேய்ந்தன.

வீட்டுக்கே வந்து வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்த மெக்கானிக், முகமெல்லாம் பெருமையாக எழுந்தார்.

"அருமையா வேலை செய்யுது சார்! ரெண்டும் ஒரே அளவுல தேய்ஞ்சிருக்கு பாருங்க!"

"நான் ஓட்டவே இல்லையேய்யா! போன ஞாயிறு காய்கறிக் கடைக்குப் போனேன். அதுவும் செகண்ட் கியர்ல!"

"சார், என்கிட்ட எதுக்கு மறைக்கிறீங்க? நானும் வயசுல ஓட்டினவன்தான்."

"போதும்!" மனைவியின் குரல் உடைந்தது. "இந்த வண்டி இனிமே இங்க வேணாம். நல்ல ஆளா பாத்து வித்துக்குடுங்க. எனக்குப் புருஷன் முழுசா வேணும்."

சர்வேயர் பானெட்டின்மேல் கையை வைத்துக்கொண்டார். எத்தனை வருஷத்து ஆசை!

"வித்துக்கோ. நல்லா வித்துக்கோ! ஆனா என்னைப் பொய்யன்னு மட்டும் சொல்லாதே. இருபது வருஷமா நான் யாரையும் நம்பினதில்லை, அதுக்குத்தான் இப்ப அனுபவிக்கிறேன். மெதுவாப் போறவன் பேச்சுக்கு இந்த உலகத்துல மதிப்பே இல்லையா?"

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு, வாங்குவதற்கு ஆள் தேட செல்போனை எடுத்தார். வாசற்படியில் உட்கார்ந்திருந்த அத்தை பதறிப்போய் எழுந்தார். முட்டியைப் பிடித்துக்கொள்ளக்கூட மறந்துவிட்டார்.

"ஐயையோ, விக்கறதெல்லாம் வேணாம்! நான்தான் அன்னைக்கே பிளேட் டைப் போடுங்கன்னு சொன்னேனே மாப்பிள்ளை... கிளினிக் வளைவுல உள்பக்கத்து சக்கரம் தரையை விட்டு எழும்பினதும், உங்க கியர் டைப் பட்டுன்னு கையை விரிச்சிடுது."