ஐஸ் பெட்டியில் நின்ற ஆயுள்

அந்த ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரி உப்பளத்தில் ஸ்கூட்டர் நிறுத்த இடமில்லை. காலசித்தர் கலைவாணன் நின்றுபோன கடிகாரங்களுக்கு உயிர் கொடுக்கிறார் என்று வாட்ஸப்பில் வந்துவிட்டது. அப்புறம் யார் வீட்டில் இருப்பார்கள்? பரணில் கிடந்த, சாவி கொடுக்கும் கைக்கடிகாரங்களைத் தூசி தட்டிக்கொண்டு காலாப்பட்டிலிருந்தெல்லாம் வந்துவிட்டார்கள். வரிசையில் நின்றபடி செல்போனில் மணி பார்த்துக்கொண்டார்கள் என்பதுதான் விசேஷம்.

சித்தர் கடிகார மூடியைத் திறப்பார். மந்திர எண்ணெய் விடுவார். உள்ளங்கையில் பொத்தி முணுமுணுப்பார். டிக் டிக். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். குடும்பத் தலைவரின் கடிகாரம் ஓடும்வரை அவர் ஆயுளும் ஓடுமாம். நின்றால் தோஷம், காணிக்கையோடு மறுபடி வரவேண்டும்.

மீன் விற்கும் பாக்யலட்சுமி மறுபடி வந்திருந்தாள். கணவன் புருஷோத்தமனுக்கு இதயத்தில் அடைப்பு. கத்தி பட்டால் கடிகாரம் நின்றுவிடும், எண்ணெயே போதும் என்று சித்தர் சொன்னதைக் கேட்டு ஆபரேஷனைத் தள்ளிப்போட்டிருந்தாள். ஆனால் கூடவே எடுத்துப்போன கடிகாரமோ தினமும் மார்க்கெட்டில் நின்றது, வீட்டுக்கு வந்தால் ஓடியது. ஒவ்வொரு காலையும் அவளுக்கு உயிர் போய் வந்தது.

கடிகாரக் கடை வைத்திருக்கும் பக்கத்து வீட்டு தஸ்லீம் கூட வந்திருந்தாள். மார்க்கெட்டில் அதை எங்கே வைப்பாய் என்று வழியில் விசாரித்தாள். சுருக்குப்பையில், பை ஐஸ் பெட்டிக்குள். அங்கேதான் திருடன் கை வைக்கமாட்டானாம்.

"பெட்டியையும் தூக்கிக்கினு வாக்கா" என்றாள் தஸ்லீம்.

சித்தர் எண்ணெய் விட்டுக் கொடுத்ததும், ஓடிய கடிகாரத்தை தஸ்லீம் பாலிதீன் பையில் போட்டு ஐஸில் புதைத்தாள். சற்று நேரத்தில் நின்றது. கூட்டம் திகைத்தது. எடுத்துத் தன் கையில் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் போனதும், டிக் டிக்.

"நான் மந்திரமே சொல்லலியே சாமி" என்றாள். மூடியைத் திறந்து முகர்ந்தாள். "தேங்காண்ணெ. மார்கழில பாட்டில்லயே உறையிற சாமான். கை சூட்டுல இளகுது, அவ்ளோதான்."

சன்னமான அச்சுக்கு மெல்லிய எண்ணெய், சுருள்வில்லுக்குக் கெட்டி கிரீஸ் என்று இடத்துக்கு ஒன்றாகப் போடவேண்டும். பல்சக்கரம் பொரியல் தாளிப்பதில்லை என்று விளக்கினாள்.

"ஐஸ்ல வச்சா எந்த வாட்ச்சும்மா ஓடும்?" என்று சித்தர் சீறினார்.

"உங்க கையில கட்டியிருக்கறத வச்சுப் பாப்போமே."

சித்தர் கையைப் பின்னால் மறைத்தார். வேண்டாம் என்றார். கூட்டம் விடவில்லை. ஐஸில் கிடந்தும் அவர் கடிகாரம் ஜம்மென்று ஓடியது.

"ஓடாம என்ன? போன மாசம் நான் சர்வீஸ் பண்ணது. என்ன ஆயில் போடறம்மா, கண்டத ஊத்திடாதன்னு சாமியே கேட்டாரு."

பாக்யலட்சுமி கணவனின் கடிகாரத்தைச் சித்தர் மடியில் வீசினாள். "இதுக்கு நீயே எண்ணெ ஊத்திக்கினு இரு. நான் எம் புருஷன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு போறேன்."

தன் கடிகாரத்துக்கு எந்த எண்ணெய் என்று சித்தரே விசாரித்துத்தான் போடவிட்டார். உங்கள் உயிருக்கு நீங்கள் ஒரு வார்த்தை விசாரிக்கக் கூடாதா?