மருத மரத்துக்கு வலப்பக்கம் நின்ற தலைவர்

தலைமைத்துவத்தை நான் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொண்டேன். நீச்சலையும் அப்படிக் கற்றுக்கொண்டிருந்தால் வாவியோடு கதை முடிந்திருக்கும். தலைமைத்துவம் என்பதால் உயிர் தப்பியது, மானம் மட்டும் போனது.

அப்போது மட்டக்களப்பு நகரத்தில் சின்னம்மா வீட்டில் தங்கி, வணிக முகாமைத்துவ டிப்ளோமாவில் முதலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஆறாம் வகுப்பிலிருந்தே நான் நகரவாசி. எங்கள் வீடும் வயலும் வவுணதீவுப் பக்கம், பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். ஆனாலும் நான் வயலுக்குப் போவது அறுவடை அன்று மட்டும்தான். அதுவும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி, சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு. (எழுதும்போதே கூசுகிறது. எழுதத்தான் வேண்டும்.)

அந்தத் தவணையில் தலைமைத்துவம் என்ற பாடம் வந்தது. சர்வாதிகாரத் தலைவர் கட்டளையிடுவார், சனநாயகத் தலைவர் கலந்து பேசுவார், தலையிடாத் தலைவர் வேலையைக் குழுவிடம் விட்டுவிட்டு ஒதுங்கியிருப்பார் என்று விரிவுரையாளர் விளக்கினார். எனக்குப் புல்லரித்தது. மூன்றுமே என்னிடம் இருப்பதாகத் தோன்றியது. ஒன்பதாம் வகுப்பில் ஒரு தவணை முழுக்க வெண்கட்டிப் பெட்டிக்குப் பொறுப்பாக இருந்தவன் அல்லவா நான்!

அதற்கு ஒப்படை ஒன்றும் தந்தார்கள். ஆறு பேருக்குக் குறையாத ஒரு குழுவை ஒரு நாள் வழிநடத்த வேண்டும், மூன்று பாணிகளையும் பயன்படுத்திப் பார்க்க வேண்டும், எது பலன் தந்தது என்று அறிக்கை எழுத வேண்டும். என் நண்பன் உடனே தங்கள் மெதடிஸ்த ஆலயத்தின் பாடற்குழுவைப் பிடித்துக்கொண்டான். நான் குழுவுக்கு எங்கே போவேன் என்று தவித்துக்கொண்டிருந்தபோதுதான் அம்மா தொலைபேசியில் கூப்பிட்டார்.

அந்தப் போகம் அம்மா இரண்டு ஏக்கரில் விதைநெல் போட்டிருந்தார். விதைநெல் வயலில் வேறு இனக் கதிர் ஒன்றும் கலந்திருக்கக் கூடாது. வெள்ளிக்கிழமை காலை விவசாய அதிகாரி வந்து பார்ப்பார். கலப்பு இருந்தால் விதைநெல் என்று ஏற்கமாட்டார்கள், நெல்லோடு நெல்லாக மில்லுக்குத்தான் போகும். அப்பா காலில் புண்ணோடு வீட்டில் இருந்த வருடம் அது. விதைப்பிலிருந்து அம்மா ஒற்றை ஆளாய் நின்று பார்த்த வயல். கலப்புக் கதிர் பிடுங்க பூமணி அக்காவும் அவருடைய எட்டுப் பெண்களும் வியாழக்கிழமை மட்டும், அதுவும் ஒரு மணி வரைதான் வரமுடியும் என்றிருந்தார்கள். அதே வியாழக்கிழமைதான் அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் கிளினிக்.

"நீ ஒண்டும் செய்யத் தேவல்ல மனே," என்றார் அம்மா. "தேத்தண்ணியும் பணிசும் கொண்டு குடு. மத்ததெல்லாம் பூமணி பாத்துக்கொள்ளுவா."

"அம்மா, நான் லீடர்ஷிப் படிக்கிறன்."

"படி. சீனி போட மறந்திராத."

வியாழன் காலை ஆறரைக்கு சின்னப்பாவின் மோட்டார் சைக்கிளில் போய் இறங்கினேன். நீளக்கைச் சட்டை, பளபளக்கும் சப்பாத்து, கழுத்தில் விசில், கையில் பைல். 'இன்றைய இலக்கு' என்று எழுதிய பெரிய தாளை மருத மரத்தில் கட்டித் தொங்கவிட்டேன். எங்கள் வயல் அந்த மரத்துக்கு வலப்பக்கம் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அது வாய்க்கால் பக்கமாக உழவு இயந்திரத்தில் வரும்போது வலப்பக்கம். அன்று நான் வந்தது எதிர்ப்பக்கமாக, றோட்டு வழியாக. மரம் அதன் இடத்தில்தான் நின்றது, நான்தான் திசை கிறுகி நின்றேன்.

அந்த வயல்வட்டை முழுக்க ஒரே பச்சை. எந்த வயலிலும் பெயர்ப்பலகை இல்லை. (இருந்திருந்தால் மட்டும் வாசித்திருப்பேனா என்பது வேறு கேள்வி.)

சற்று நேரத்தில் பூமணி அக்காவின் குழு வரம்பால் வந்தது. வந்தவர்கள் மரத்துக்கு அந்தப் பக்கம் இறங்கப் பார்த்தார்கள். நான் கையைத் தட்டி, "இஞ்சால வாங்க எல்லாரும்!" என்றேன். சர்வாதிகாரத் தலைமைத்துவம் தொடங்கிவிட்டது.

பூமணி அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். என்னைத் தொட்டிலில் பார்த்தவர். கிட்ட வந்து, "மனே, இஞ்ச பாருங்க, இந்த வயல்..." என்று தொடங்கினார்.

நான் விசிலை ஊதினேன்.

"அக்கா, பத்து மணி வரைக்கும் கேள்வி ஒண்டும் கேக்கக்கூடா. நான் சொல்றத மட்டும் செய்யுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார், சப்பாத்தைப் பார்த்தார், மரத்தில் தொங்கிய தாளைப் பார்த்தார். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பெண்கள் பக்கம் திரும்பி, "இறங்குங்க கா. தம்பி சொல்லுது," என்றார். அதன் பிறகும் இரண்டு மூன்று தடவை தலையைத் தூக்கினார். நான் ஒவ்வொரு தடவையும் ஊதினேன்.

பத்து மணிக்கு சனநாயகத்துக்கு மாறினேன். எல்லோரையும் மர நிழலில் இருத்திக் கூட்டம் வைத்தேன். முதலாவது விடயம், தேநீர் இப்போதா பதினொன்றுக்கா. இரண்டாவது, பணிஸ் தேநீரோடா பிறகா. மூன்றாவது, வேறு விடயங்கள். முதலாவதற்கே ஒன்பது கைகளும் உயர்ந்தன. எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது. பூமணி அக்காவின் கை மட்டும் இறங்கவில்லை.

"எனக்கு ஒரு கத சொல்லக் கிடக்கு."

"அது மூண்டாவது விடயத்தில வரும் அக்கா."

ஆனால் அதற்குள் நான் கொண்டுவந்திருந்த தேநீரைப் பெண்கள் ஊற்றத் தொடங்கிவிட்டார்கள். தேநீர் வந்த பிறகு மூன்றாவது விடயத்துக்குப் போன கூட்டம் உலகத்தில் இல்லை. கோப்பைகளை வைத்துவிட்டு எல்லோரும் வயலில் இறங்கிவிட்டார்கள். நான் தலையிடாத் தலைவராகி, மரத்தில் சாய்ந்து அறிக்கை எழுதத் தொடங்கினேன். 'குழு மிகுந்த ஊக்கத்துடன் இயங்கியது. சிரிப்பொலி அடிக்கடி கேட்டது. இது ஊழியர் திருப்தியைக் காட்டுகிறது' என்று எழுதியது இன்றும் என் பைலில் இருக்கிறது.

பன்னிரண்டரைக்கு வேலை முடிந்தது. வயல் சீவி விட்டதுபோல் இருந்தது. நான் எல்லோரையும் கூப்பிட்டு, "என்ட தலைமைத்துவத்தப் பத்தி உங்கட கருத்தச் சொல்லுங்க," என்றேன்.

பூமணி அக்கா கையைக் கழுவிவிட்டு நிதானமாக வந்தார்.

"இப்ப கதைக்கலாமா?"

"ஓம் அக்கா."

"இது உங்கட வயல் இல்ல மனே. இது சிவலிங்கத்தாரிட வயல்."

ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தாலாவது நன்றாக இருந்திருக்கும்.

சிவலிங்க மாமாவுக்கும் அம்மாவுக்கும் மூன்று வருடமாகப் பேச்சில்லை. வாய்க்காலில் யார் முதலில் தண்ணீர் திறப்பது என்ற சண்டை. அம்மா அவர் பெயரைக்கூடச் சொல்லமாட்டார், 'மரத்துக்கு அங்கால உள்ளவர்' என்பார்.

"ஏனக்கா முதலே சொல்லல்ல?" என்றேன்.

"எத்தின தரம் சொல்ல வந்தன்! நீங்க ஊதி ஊதி என்ட வாய அடைச்சிப்போட்டீங்க. மறுகா நினைச்சன், அம்மா அவரோட ராசியாகிட்டாவாக்கும், அதான் உதவிக்கு ஆள் விட்டிருக்கா எண்டு. படிச்ச புள்ள காரணமில்லாமலா செய்யும்?"

அந்த நேரம் பார்த்து சிவலிங்க மாமாவே தன் இரண்டு மகன்மாரோடு வந்து சேர்ந்தார். அவரும் ஒரு ஏக்கரில் விதைநெல்தான் போட்டிருந்தார். ஆள் தேடி எங்கும் கிடைக்காமல், பிடுங்கினவரை பிடுங்குவோம் என்று வந்தவர் வரம்பிலேயே நின்றுவிட்டார்.

"ஆர் இதச் செஞ்ச?"

"கனகம் அக்காட மகன் நிண்டு செய்விச்சவர்," என்றார் பூமணி அக்கா. அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

அவர் முகம் இளகியது. "அம்மா சொல்லிவிட்டவவா தம்பி?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அழுகைதான் வந்தது. சப்பாத்தோடு வரம்பில் குந்தியிருந்து அழுதேன். "இல்ல மாமா. எனக்கு எங்கட வயல் எது எண்டு தெரியல்ல. நாளைக்கு அதிகாரி வாறார். அம்மா என்னை நம்பிப் போயிருக்கிறா."

சொந்த வயலைத் தெரியாத ஒருவனை அவர் தன் வாழ்நாளில் பார்த்திருக்கமாட்டார். பிறகு மகன்மார் பக்கம் திரும்பி, "என்னடா பாத்துக்கொண்டு நிக்கிறீங்க? கனகத்தாரிட வயலுக்க இறங்குங்க," என்றார். ஒரு மணிக்குப் போகவேண்டிய பெண்களும் பூமணி அக்காவைப் பார்த்தார்கள். அவர் முதல் ஆளாக இறங்கினார். எட்டுப் பேரும் பின்னால் இறங்கினார்கள்.

நானும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு இறங்கினேன். வெகு வேகமாக நாலைந்து கதிர்களைப் பிடுங்கினேன்.

"அது நல்ல நெல்லு மனே," என்றார் பூமணி அக்கா பக்கத்திலிருந்து. "நீங்க, நாங்க பிடுங்கிறத வாங்கிச் சுமந்தாக் காணும்."

பொழுது சாயும் நேரம் அம்மா பஸ்ஸால் இறங்கி, அப்பாவை வீட்டில் விட்டுவிட்டு வயலுக்கு வந்தார். தன் வயலுக்குள் சிவலிங்க மாமா குனிந்து நிற்பதைக் கண்டு அப்படியே நின்றார். நடந்ததைச் சொன்னேன். அம்மா என்னை ஏசவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு வயலில் இறங்கினார். அடி வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. கண் தெரியும் வரை பிடுங்கியும் ஒரு ஏக்கருக்குச் சற்று மேலேதான் முடிந்தது.

மறுநாள் அதிகாரி சிவலிங்க மாமாவின் வயலைப் பார்த்து, இந்த வட்டையிலேயே திருத்தமான வயல் இதுதான் என்று பாராட்டினார். எங்கள் வயலில் ஒரு ஏக்கர் தேறியது, மற்றது தேறவில்லை. மில்லுக்குப் போன அந்த ஒரு ஏக்கரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு கனக்கும். நடந்ததை ஒன்றும் மறைக்காமல் அறிக்கையில் எழுதிக் கொடுத்தேன். மட்டுமட்டாகச் சித்தியடைய வைத்த விரிவுரையாளர், ஓரத்தில் சிவப்பு மையால் 'இதில் தலைவர் யார் என்பதைத் தெளிவாக எழுதவும்' என்று குறித்திருந்தார்.

அடுத்த போகம் வாய்க்காலில் முதல் தண்ணீர் எங்கள் வயலுக்குத்தான் வந்தது. அம்மா எதுவும் கேட்கவில்லை, மாமாவும் எதுவும் சொல்லவில்லை. கலப்புப் பிடுங்கும் நாளில் இரண்டு வீட்டு ஆட்களும் இரண்டு வயலிலும் இறங்கினார்கள். என்னை மட்டும் அந்த நாளில் நகரத்திலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள்.

இப்போது நான் ஒரு தனியார் கந்தோரில் பதினான்கு பேருக்கு மேலாளர். பதவி உயர்வு கிடைத்ததும் அம்மாவுக்குச் சொன்னேன். "நல்லம் மனே," என்றார். "நீ போய் இருக்கிறது உன்ட கந்தோர்தானா எண்டு ஒருக்கா விசாரிச்சிப் பாத்தியா?"

அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். போன வருடம் என் கல்யாணத்தில் நான் தாலியைக் கையில் எடுத்த நேரம், மேளம் உச்சத்தில் இருக்கும்போது சிவலிங்க மாமா கூட்டத்துக்குள்ளிருந்து எழும்பினார்.

"தம்பி, அவசரப்படாத! பொண்ணு இதுதானா எண்டு பூமணியிட்ட ஒருக்காக் கேட்டுட்டுக் கட்டு!"

மண்டபமே சிரித்தது. மணப்பெண்ணும் சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மூன்றாம் வரிசையில் இருந்த பூமணி அக்காவைத் தேடிப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகுதான் கட்டினேன்.